வலம்

பாரோவில் இறங்குகிறவர்கள் முதலில் கைதட்டுவார்கள், விமானிக்கு.
மலைகளுக்கு நடுவே அவர் நுழைந்த விதம் அப்படி.
பிறகுதான் என்னைத் தேடுவார்கள்:
கட்டம் போட்ட கோ, முழங்கால் வரை காலுறை, கையில் அட்டை.
இம்முறை ஹாம்பர்க்கிலிருந்து நால்வர்.
ஒரு பெயரைப் பிழையாய் எழுதியிருந்தேன்.
யாரும் திருத்தவில்லை.

முதல் நாள் மிளகாய்.
கூரை கூரையாய்க் காய்கிற சிவப்பு.
ஆசையாய்ப் படம் எடுத்தார்கள்.
மதியம் அதையே பாலாடைக்கட்டியில் வேகவைத்துப் பரிமாற
யோர்கன் அழுதார்.
காய்கறி என்று நினைத்தாராம்.
காய்கறிதான் என்றேன்.

தோச்சுலா கணவாயில் நூற்றெட்டு ஸ்தூபிகள்.
எண்பது மூடுபனிக்குள்.
கீழே ஒரு பாறையிடுக்கில்
எலுமிச்சை அளவில் களிமண் கூம்புகள்.
அழகாயிருக்கிறதே, விலைக்குக் கிடைக்குமா என்றாள் அனிகா.
செத்தவர் சாம்பலைக் குழைத்துப் பிடித்தது என்றேன்.
எடுத்ததை இரு கையாலும் திரும்ப வைத்தாள்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல.
அவற்றில் என் அப்பாவும் உண்டு.
அது பயணத் திட்டத்தில் இல்லை.

புனாகாவில்
அப்பா ஆறும் அம்மா ஆறும்
நிறம் மாறாமலே கொஞ்ச தூரம் கூடப்போகிற இடத்தில்
எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பதை
இங்கபோர்க் அம்மையார் கேட்டார்:
உங்கள் நாட்டில் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?
பதினோரு வருடமாய் ஒரே பதில் வைத்திருக்கிறேன்.
ஆற்றைப் பார்த்து, மூன்று நொடி விட்டு,
அரைச் சிரிப்போடு சொல்லவேண்டும்.
மூன்றாவது நொடியில் கோவின் மடிக்குள் போன் துடித்தது.
பெர்த்திலிருந்து கெஸாங்.
முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவுப் பணி முடிகிற நேரம்.
டிக்கெட் எடுத்தாயா?
எடுத்துவிட்டேன்.
நிமிர்ந்தபோது அம்மையார் ஆற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

ஃபோப்ஜிக்கா,
கொக்குகளின் சிறகு மாட்டாதிருக்க
மின்கம்பிகளை மண்ணுக்குள் இறக்கிய பள்ளத்தாக்கு.
திபெத்திலிருந்து வந்ததும்
மடாலயத்தை மும்முறை வலம்வந்தே அவை தரைதொடும் என்பேன்.
அன்று ஒன்றரைச் சுற்று.
யோர்கன் எண்ணிவிட்டார்.
ஓட்டுநர் புர்பா ஸ்டியரிங்கைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
பாக்கியைத் திரும்பிப் போகும்போது கட்டிவிடும்.

கடைசி நாள் மண்சரிவு, ஆகவே தாமதம்.
விமான நிலையத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
சாலை நடுவே ஒரு பழைய சோர்ட்டன்.
அதை வலக்கைப் பக்கம் வைத்துக் கடக்கவேண்டிய தடத்தில்
லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லி.
தார் பூசிய கையோடு ஒரு பெண்
அந்தப் பக்கமாய்ப் போ, போ என்று பச்சைக் கொடியை ஆட்டினாள்.

புர்பா எஞ்சினை அணைத்தான். இறங்கினான்.
ஜல்லிமேல் ஏறி, செருப்பு வழுக்க,
ஒன்று.
யோர்கன் கடிகாரத்தைப் பார்த்தார்.
இரண்டு.
சட்டைக் கையை இழுத்து அதை மூடினார்.
மூன்றாவது சுற்றில் கொடிக்காரியும் நகர்ந்து வழிவிட்டாள்.
வந்து உட்கார்ந்து, கையைத் தொடையில் துடைத்து,
தப்பான பக்கமாய் வண்டியை ஓட்டினான்.

கெஸாங் முன்பொருமுறை எழுதியிருந்தாள்:
இங்கே தெருக்கள் கூடுமிடத்தில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.
எல்லா வண்டியும் வலமாய்த்தான் சுற்றுகிறது,
யாரும் சொல்லித் தராமலே.
நடுவில் ஒன்றுமில்லை, புல்தான்.
முதல் வாரம் பஸ்ஸில் ஒவ்வொரு வட்டத்துக்கும் கைகூப்பினேன்.
பக்கத்து சீட்காரர் பார்க்க ஆரம்பித்ததும்
இப்போது கைப்பைக்கு அடியில்.

நால்வரும் உள்ளே போய்விட்டார்கள்.
அனிகா மட்டும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இருமுறை கையசைத்தாள்.
அட்டையை மடித்துக் குப்பையில் போடப் போனேன்,
வேண்டாமென்று புர்பா வாங்கிவைத்தான்,
பின்பக்கம் வெள்ளையாயிருக்கிறதே என்று.
அடுத்த குழு எப்போது?
பத்தொன்பது, என்றேன்.
என் டிக்கெட் பதினேழு.